சமையலறைச் சுவரில் ஒரு கிதார்

அறுபது வயதானால் உத்தியோகத்திலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகு பேரன் பேத்திகளைக் கொஞ்சுவதும் கோயில் குளம் போய் வருவதும்தான் மிச்சம் என்று நம்மில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் ஓர் அம்மாள் இந்தக் கணக்கை அடியோடு மாற்றி எழுதினார். பிறர் வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த அவர், அறுபது கடந்த பிறகுதான் முதல் முதலாக இசைத்தட்டுக்கு வாசித்தார்; அதன் பிறகுதான் மேடை ஏறினார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, அந்த நாட்டுச் சங்கீத உலகின் பெரிய கௌரவமான கிராமி விருதைப் பெற்றார். அவர் பெயர் எலிசபெத் காட்டன்.

அவருடைய வாத்தியம் கிதார். மின்சாரக் கம்பி எதுவும் மாட்டாத, வெறும் மரத்தாலான கிதார். விரல்களாலேயே தந்திகளை மீட்டி வாசிப்பார். பாட்டும் கட்டுவார்.

கேளுங்கள், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த அம்மாள் வயதான காலத்தில் கிதார் கற்றுக்கொண்டவர் அல்ல. உலகமே பிற்பாடு பாடிய பாட்டை அவர் கட்டியபோது அவருக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதுதான்! அப்படியானால் நடுவில் அத்தனை வருஷங்கள் அந்த வித்தை எங்கே போயிருந்தது?

மூன்றே முக்கால் டாலர்

வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்று ஒரு கல்லூரி நகரம். அதை ஒட்டினாற்போல் கார்பரோ என்று ஒரு சிற்றூர். அங்கே 1893 ஜனவரியில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில், ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியாக அவள் பிறந்தாள். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது இருபத்தெட்டு வருஷங்கள்கூட முழுதாக ஆகவில்லை.

வீட்டில் அவளை "குட்டித் தங்கை" என்று கூப்பிடுவார்களே தவிர, பெயர் சொல்லி அழைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று ஆசிரியர் பெயரைக் கேட்டார். அந்தப் பொடிப் பெண் சற்றும் தயங்காமல், "எலிசபெத்" என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டாள்!

அவளுடைய அண்ணனிடம் பாஞ்சோ என்ற வாத்தியம் இருந்தது. நம் கஞ்சிராவுக்கு நீண்ட கழுத்து வைத்துத் தந்தி கட்டினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் பாஞ்சோ. அண்ணன் வேலைக்குப் புறப்பட்டதும் தங்கை அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். தந்தி அறுந்துபோவதும் உண்டு. அண்ணன் வந்து பார்த்தால் யார் கைவரிசை என்று தெரியாமலா போகும்? ஆனாலும் அவன் பெரிதாகக் கோபித்ததில்லை. பிறகு அண்ணன் வீட்டை விட்டுப் போனான். வாத்தியமும் அவனோடு போயிற்று.

சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்தை விட்டாள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "வேலை இருக்கிறதா?" என்று கேட்டாள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வேலைக்கு வைத்துக்கொண்டாள். கூட்டுவது, மேஜை எடுத்து வைப்பது, விறகு கொண்டுவந்து போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. மாதச் சம்பளம் ஒரு டாலருக்கு மேல் இல்லை. அதைச் சேர்த்து, 3 டாலர் 75 சென்ட் விலைக்கு ஸ்டெல்லா என்ற பெயருள்ள கிதார் ஒன்றை வாங்கினாள். ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தால்கூட நான்கு மாதச் சம்பளம்!

அவர்கள் வீட்டுக்கு அருகே ரயில் பாதை ஓடியது. இரவில் சரக்கு ரயில் கடகடவென்று போகும் ஓசையைக் கேட்டுக்கொண்டே தூங்குகிற பிள்ளைகள். அந்த ஓசையிலிருந்துதான் அவளுடைய "சரக்கு ரயில்" பாட்டுப் பிறந்தது. ஊரை விட்டு ரயிலேறி ஓடுகிற ஒருவர், தாம் எந்த ரயிலில் போனோம் என்பதை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதாக அமைந்த பாட்டு அது. மெட்டு என்னவோ தாலாட்டுப் போல மிருதுவாக இருக்கும். பொருளோ துயரமானது. பன்னிரண்டு வயதுக்குள் இவ்வளவு துயரத்தை அந்தப் பெண் எங்கே கண்டாள் என்று கேட்காதீர்கள். ஒன்பது, பத்து வயதில் வீட்டு வேலைக்குப் போன குழந்தை அது.

இன்னொரு பாட்டும் அந்த வயதுப் பாட்டுத்தான். அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருத்தி, செய்யாத குற்றத்தைச் செய்ததாக இவள் மேல் கோள் சொன்னாள். தாயார் தண்டித்துவிட்டார். வேறு குழந்தையாக இருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருக்கும். இவள் அந்தப் பொய்க்காரியை வைத்து ஒரு பாட்டே கட்டிவிட்டாள்!

தலைகீழ் வித்தை

கிதார் வாசிப்பை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? ஆறு தந்திகள். கனமான தந்திகள் மேல் பக்கம், வாசிப்பவர் முகத்தை நோக்கி இருக்கும். மெல்லிய தந்திகள் கீழ்ப் பக்கம். விரலால் வாசிப்பவர்கள், வலது கைக் கட்டைவிரலால் கனத்த தந்திகளைத் தட்டித் தட்டி ஒரு நடையை உண்டாக்குவார்கள். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் ராகத்தை வாசிக்கும். நம் வீணையில் சுண்டு விரல் தாளத் தந்திகளை மீட்டுகிறதல்லவா? கிதாரில் கட்டைவிரலுக்கு அதைப் போன்ற வேலை. ஆனால் அதைவிட அதிகமான வேலை. ஒருவர் வாசிக்கிறார், கேட்பவருக்கோ இருவர் வாசிப்பதுபோல் இருக்கும்.

எலிசபெத்துக்கு இடது கைப் பழக்கம். இடது கைக்காரர்கள் சாதாரணமாகத் தந்திகளையெல்லாம் கழற்றி வரிசையை மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். இவள் கற்றுக்கொண்டதோ அண்ணனுடைய வாத்தியத்தில், அவனுக்குத் தெரியாமல். மாற்றிக் கட்ட முடியுமா? வாத்தியத்தை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய தந்திகள் மேலே போய்விட்டன. கனத்த தந்திகள் கீழே வந்துவிட்டன.

எனவே இவளுக்கு எல்லாமே தலைகீழ்! ஆட்காட்டி விரல் அடித்தந்திகளில் நடை போடும். கட்டைவிரல் மேலே ராகத்தை வாசிக்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "இப்படி வாசிப்பது தவறு" என்று திருத்தவும் யாரும் இல்லை. பிற்காலத்தில் இந்த முறைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். "காட்டன் பிக்கிங்" என்றார்கள். ஆங்கிலத்தில் பருத்தி எடுப்பதற்கும் அதே ஓசைதான், நல்ல சிலேடை! சரியான கையால் வாசிக்கும் வித்வான்கள் எத்தனையோ பேர், அந்தத் தலைகீழ் விரல்களிலிருந்து வந்த நாதத்தைத் தங்கள் விரல்களில் வரவழைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

மூடி வைத்த வாத்தியம்

1910ல், பதினேழு வயதில், ஃபிராங்க் காட்டன் என்பவருடன் எலிசபெத்துக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் மாதா கோயிலில் ஈடுபாடு கொண்டவர். அங்கிருந்த பெரியவர்கள், "ஆண்டவனுக்கு ஊழியம் செய்கிற நீ இப்படி லௌகிகப் பாட்டு வாசிக்கலாமா?" என்ற தோரணையில் புத்தி சொன்னார்கள்.

யாரும் கிதாரைப் பிடுங்கி உடைத்துவிடவில்லை. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். சமையல், குழந்தை, வீட்டு வேலை, பிறத்தியார் வீட்டு வேலை. எப்போதாவது மாதா கோயிலில் வாசித்ததைத் தவிர, ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேல் அந்த விரல்கள் சும்மா இருந்தன.

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு யாராவது நினைவுக்கு வருகிறார்களா? பெண் பார்க்க வந்தபோது ஒரு கீர்த்தனை பாடியதோடு சரி என்று நிறுத்திவிட்ட அத்தை; பரண் மேல் உறையோடு இருக்கும் சித்தியின் வீணை. "ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நேரம் இல்லை, அவ்வளவுதான்.

காணாமல் போன குழந்தை

மகள் வளர்ந்து, அவளுக்கும் கல்யாணமாயிற்று. கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்று, எலிசபெத் வாஷிங்டன் நகரில் மகள், பேரக் குழந்தைகளோடு வசிக்கத் தொடங்கினார். அங்கே அந்நாளில் லான்ஸ்பர்க் என்ற பெரிய கடை இருந்தது. 1940களின் நடுவில் அந்தக் கடையில் பொம்மைகள் விற்கும் பகுதியில் அவருக்கு வேலை.

ஒரு நாள் கடைக் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயைப் பிரிந்து திகைத்து நின்றாள். எலிசபெத் அவளைத் தேற்றி, தாயாரைக் கண்டுபிடித்து ஒப்படைத்தார். அந்தத் தாயாருக்கு இவரை மிகவும் பிடித்துவிட்டது. சில நாட்களில் எலிசபெத் அவர்கள் வீட்டுச் சமையல் வேலைக்கே வந்து சேர்ந்தார். அந்த வீட்டுக் கடைக்குட்டிக்கு "எலிசபெத்" என்று சொல்ல வரவில்லை, "லிப்பா" என்றது. அதுவே நிலைத்துவிட்டது.

காணாமல் போன சிறுமி பெக்கி சீகர். தாயார் ரூத் கிராஃபோர்டு சீகர். தகப்பனார் சார்லஸ் சீகர், பெரிய சங்கீத ஆராய்ச்சியாளர். அவருடைய முதல் மனைவியின் மகன்தான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற பாடகர் பீட் சீகர். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பாடப்பட்ட நாட்டுப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்டு, ஸ்வரப்படுத்தி, புத்தகமாக்கிய குடும்பம் அது!

அப்பேர்ப்பட்ட வீட்டில், சமையலறையிலேயே ஒரு பாடலாசிரியர் இருந்தார். பல வருஷங்கள் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

சமையலறைச் சுவரில் குடும்பத்தாருடைய கிதார் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு நாள் லிப்பா அதை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். தற்செயலாகக் காதில் விழுந்ததும் பெக்கியும் அவளுடைய அண்ணன் மைக்கும் அசந்துபோனார்கள். அன்று முதல் அந்தப் பிள்ளைகள் லிப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மறந்துபோன பாட்டுகள் ஒவ்வொன்றாக அவர் விரலுக்குத் திரும்பி வந்தன.

ஒரே வீட்டில் இரண்டு மௌனங்கள்

இங்கே எஜமானி ரூத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரூத் சாதாரணப் பெண்மணி அல்ல. சங்கீதம் இயற்றுவதற்காக குகன்ஹைம் உதவித் தொகை பெற்ற முதல் பெண்மணி அவர், ஆண்டு 1930. மறு வருஷம் அவர் எழுதிய தந்தி வாத்திய நால்வரிசையை இன்றும் வித்வான்கள் மதித்து வாசிக்கிறார்கள்.

பிறகு கல்யாணம், நான்கு குழந்தைகள், குடும்பச் செலவுக்காகப் பியானோ வகுப்புகள். நாட்டுப் பாடல்களைத் தொகுத்து அரிய தொண்டு செய்தார். ஆனால் சொந்தமாகச் சங்கீதம் இயற்றுவது அநேகமாக நின்றே போயிற்று. 1952ல்தான் மறுபடி பெரிய அளவில் ஒன்றை எழுதினார். மறு வருஷமே, 52 வயதில், புற்றுநோயால் மறைந்தார்.

நினைத்துப் பாருங்கள். ஒருத்தி வெள்ளைக்கார எஜமானி, படித்தவள். மற்றொருத்தி கறுப்பின வேலைக்காரி, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். இருவருடைய நிலைமையும் ஒன்றல்ல. ரூத்துக்கு ஒத்தாசை செய்ய லிப்பா இருந்தார், லிப்பாவுக்கு ஒத்தாசை செய்ய யார் இருந்தார்கள்? ஆனாலும் இருவருமே சங்கீதம் இயற்றப் பிறந்தவர்கள். இருவருமே வீட்டுக்காக அதை ஒதுக்கி வைத்தவர்கள். ஒருவருக்கு மீண்டும் தொடங்கக் காலம் கிடைத்தது. மற்றவருக்குப் போதிய காலம் கிடைக்கவில்லை.

பாட்டு யாருடையது?

1956ல் பெக்கி இங்கிலாந்துக்குப் போனாள். லிப்பாவிடம் கற்ற "சரக்கு ரயில்" பாட்டையும் கொண்டுபோய் அங்கே பாடினாள். கேட்டவர்களெல்லாம் மயங்கினார்கள். அதில் இரண்டு பேர் மயக்கத்தோடு நிற்கவில்லை; பாட்டைத் தாங்களே எழுதியதாகப் பதிவு செய்துகொண்டுவிட்டார்கள்!

சாஸ் மெக்டெவிட் கோஷ்டியார், நான்சி விஸ்கி என்ற பாடகியோடு அதைப் பாடி இசைத்தட்டாக்கினார்கள். 1957ல் அது இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஊரெல்லாம் அதே பாட்டு. அதைக் கட்டியவரோ கடலுக்கு அப்பால் வாஷிங்டனில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இசைத்தட்டின் மேல் அவர் பெயர் இல்லை.

வீட்டு வேலை செய்யும் ஒரு கறுப்பின அம்மாள் தனியாக என்ன செய்ய முடியும்? நல்ல வேளையாக சீகர் குடும்பத்தார் துணை நின்றார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை என்று இழுத்து, கடைசியில் சமரசமாக முடிந்து, பாட்டின் மேல் அவர் பெயரும் ஏறியது. பன்னிரண்டு வயதில் கட்டிய பாட்டு தன்னுடையதுதான் என்று அறுபது கடந்த பிறகு நிரூபிக்க வேண்டியிருந்தது!

இதற்கிடையில் மைக் சீகர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு லிப்பாவின் வீட்டுக்கே போனார். பெரிய ஸ்டூடியோ எதுவும் இல்லை. லிப்பாவின் படுக்கையறைதான் ஸ்டூடியோ. பேரக் குழந்தைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க, பாட்டி வாசித்தார். 1958ல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. முதல் இசைத்தட்டு வெளியானபோது அவருக்கு வயது 65.

பாட்டியின் கச்சேரி

அதன் பிறகு மைக்கோடு சேர்ந்து கல்லூரிகளில் கச்சேரி. 1964ல் புகழ் பெற்ற நியூபோர்ட் நாட்டுப் பாடல் விழா. வெள்ளைத் தலை, கண்ணாடி, அடக்கமான உடை. மேடையில் உட்கார்ந்து, பேத்திக்குக் கதை சொல்வதுபோல் பாட்டுப் பிறந்த கதையைச் சொல்லிவிட்டு வாசிப்பார்.

பாட்டுக் கட்டுவதையும் விடவில்லை. 1967ல் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டில் "ஷேக் சுகரீ" என்ற பாட்டு. வீட்டுக் குழந்தைகளும் ஆளுக்கு ஓரடி சேர்த்துக் கட்டிய பாட்டு அது. இருக்கிற சாமானையெல்லாம் ஒவ்வொன்றாக அடகு வைத்துவிட்ட கதை. குழந்தைகள் விளையாட்டாகச் சொன்னதில் எத்தனை நிஜம்! இசைத்தட்டில் அதைப் பாடியதும் பாட்டி அல்ல. 12 வயதுக் கொள்ளுப் பேத்தி. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கிதார் வாசித்தார்.

அவருடைய பாட்டுகளைப் பிரபலங்கள் பலர் பாடினார்கள். 1963ல் பீட்டர், பால் அண்டு மேரி குழுவினர் "சரக்கு ரயி"லைப் பாடினார்கள். கோள் சொன்ன பெண்மணியைப் பற்றிய பாட்டை கிரேட்ஃபுல் டெட் குழுவினர் பாடினார்கள். பிற்பாடு பாப் டிலனும் பாடினார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி தன் கோள் இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருப்பாளா?

இவ்வளவு பெயர் வந்ததும் லிப்பா வேலையை விட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! 1970 வரையில் வீட்டு வேலையையும் விடாமல் செய்தார். மேடையில் கைதட்டல், மறுநாள் காலை பிறர் வீட்டு அடுப்பு. கைதட்டலைக் கொண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியாதே!

1978ல் நியூயார்க் மாநிலத்திலுள்ள சிரக்யூஸ் நகரில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். கச்சேரிகளாலும் பாட்டுகளாலும் வந்த வருமானம். பதினோரு வயதில் 3 டாலர் 75 சென்டுக்கு வாங்கிய கிதார், எண்பத்தைந்தாவது வயதில் வீடாக விளைந்தது. 1983ல் அந்த நகரத்தார் ஒரு பூங்காவுக்கு "லிப்பா காட்டன் தோப்பு" என்று பெயரிட்டார்கள். 1984ல் அமெரிக்க தேசியக் கலை நிதியத்தின் பாரம்பரியக் கலைஞர் விருது. 1985ல், 92 வயதில், அவருடைய கச்சேரி இசைத்தட்டுக்கு கிராமி விருது. 1987 ஜூன் 29ம் தேதி காலமானார். 2022ல் ராக் அண்டு ரோல் கௌரவ மண்டபம், பின்னால் வந்த தலைமுறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

அவர் வாசித்ததை இன்றும் கேட்கலாம். வாசிப்பதைப் படமாகவும் பார்க்கலாம். அவசரமே இல்லாத வாசிப்பு. ரயில் தண்டவாளத்தில் உருளுவதுபோல் அடித்தந்திகள் ஒரு சீராக ஓடிக்கொண்டிருக்கும். மேலே கட்டைவிரல் பாட்டைப் பேசும். இடது கை, தலைகீழ்க் கிதார் என்பதெல்லாம் நாலாவது நிமிஷத்தில் மறந்துபோகும்.

சகோதரிகளே, அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் கிதார் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லிப்பா நன்றாக ரொட்டி சுடுவார் என்பதோடு கதை முடிந்திருக்கும். பாட்டு மட்டும் வேறு யாருடைய பெயரிலோ உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாவோ, மாமியாரோ, வேலைக்கு வருகிற அம்மாளோ இருக்கலாம். பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுக்கும் பாட்டு, கோலத்தில் போடும் புது வளைவு, குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்லும் கதை, இவற்றில் எது அவர்களுடைய சொந்தச் சரக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று சாயங்காலம் காபி ஆறுவதற்குள் ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்.